திருமூர்த்தி வாங்குன ராசிக்கார வண்டி

வீரபாண்டியில வந்து பவர்டேபிள் திருமூர்த்தி ஊடு எதுன்னு கேட்டுப் பாருங்க. "அதோ, கறுப்புக் கார் நிக்குதில்லீங்களா, அந்த ஊடுதானுங்க"ம்பாங்க. நிக்குதுன்னு சொல்றது ஒரு பேச்சுக்கில்லீங்க. நெசமாலுமே அது நிக்கத்தான் செய்யுது. எப்பவாச்சும் ஒரு நாள் ஓடும், ஓடுன அலுப்புல மறுபடியும் நின்னுக்கும்.

நான் காஜா மொய்தீன். பனியன் வேஸ்ட் யாவாரம். கம்பெனிகள்ல துணி வெட்டி மிஞ்சற துண்டு துணுக்கெல்லாம் என் குட்டியானை வண்டியிலதான் ஏறும். திருமூர்த்தியண்ணன் ஊட்டுக்கும் என் குடோனுக்கும் நடுவுல ஒரே ஒரு செவுரு. அவரு தும்முனா எனக்குக் கேக்கும், நான் ஆளுகளத் திட்டுனா அவருக்குக் கேக்கும். அதனால நான் சொல்றதுல இட்டுக்கட்டுனது எதுவும் இல்லீங்க. கொஞ்சம் வயித்தெரிச்சல் கலந்திருக்கும், அத நீங்களே கழிச்சுக்குங்க.

மனுசன் கெட்டவரில்ல. குண்டடத்துல இருந்து மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியே டெய்லர் வேலைக்கு வந்தவரு. பொறவு சொந்தமா ஒரு ஷெட்டு போட்டு, தையல் மிசினுகள வாங்கிப் போட்டு, பெரிய கம்பெனிக்காரங்க வெட்டிக் குடுக்கற துணியத் தெச்சுக் குடுக்கறாரு. அதத்தான் இங்க பவர்டேபிள்ம்போம். ஷெட்டுல செக்கிங் பாக்கறது, பேக்கிங் பாக்கறது, இந்திக்காரப் பசங்க சண்டைய வெலக்கி விடறது எல்லாம் அவரு சம்சாரம் குழந்தையம்மாக்கா. அண்ணன் என்ன பண்ணுவாருன்னு கேட்டீங்கன்னா, அயர்ன் பண்ணுன வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு மொபெட்டுல கம்பெனிக்குப் போயிட்டு வருவாரு. அந்தச் சட்டைதான் ஷெட்டுக்கே மொதலாளின்னு அக்கா சொல்லுவாங்க.

அவருக்கு ரெண்டு பைத்தியம். ஒண்ணு, ராசி. எங்க ஊர்ல பழைய மிசின் வாங்கற எல்லாருக்கும் இது கொஞ்சம் இருக்கறதுதான். "ஓடற கம்பெனி மிசினுங்களா?"ன்னு கேட்டுட்டுத்தான் கையவே வெப்பாங்க. மூடுன கம்பெனி மிசினுன்னா மோட்டார் புத்தம்புதுசா இருந்தாலும் வேண்டாம். அண்ணனுக்கு இது முத்திப்போன கேசு. ஒருக்கா மூடுன கம்பெனியில இருந்து வந்த சேர் ஒண்ண என் குடோன்ல போட்டு வெச்சிருந்தேன். தெரியாம வந்து உக்காந்துட்டாரு. எங்கிருந்து வந்துச்சுன்னு சொன்னதும் தேள் கொட்டுன மாதிரி எந்திரிச்சு ஊட்டுக்கு ஓடித் தலையோட தண்ணி ஊத்திக்கிட்டாரு. அக்கா வந்து, "ஏனுங்க பாய், எழவு ஊட்டுக்காங்க கூட்டிட்டுப் போனீங்க?"ன்னு கேட்டாங்க.

ரெண்டாவது பைத்தியம், கேட்டு. குமாரசாமி மொதலாளி கம்பெனி கேட்டு.

அண்ணனுக்கு வேலை குடுக்கறது அந்தக் கம்பெனிதான். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி, கேட்டுல இருந்து ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள சட்டையெல்லாம் வேத்து ஊத்தீரும். அங்க ஒரு சட்டம். மொபெட்டு, பைக்குல வர்றவன் வண்டிய வெளிய ரோட்டோரமாப் போட்டுட்டு, செக்யூரிட்டி ரூம்ல நோட்டுல பேரெழுதிக் கையெழுத்துப் போட்டு, கழுத்துல அட்டைய மாட்டிக்கிட்டு நடந்து போகணும். சின்னக் கார்ல வந்தாலும் அதே கதிதான். பெரிய கார்ல வந்தா மட்டும் நோட்டும் கெடையாது, அட்டையும் கெடையாது. கேட்ட விரியத் தொறந்து சல்யூட் அடிப்பாங்க. எனக்கும் அந்தத் தொல்லை இல்லீங்க. வேஸ்ட் எடுக்க வர்ற வண்டிய எவன் நிறுத்துவான்? ஹாரன் அடிச்சா தொறந்து விட்டுருவான். இத நான் பெருமையாச் சொல்றப்பெல்லாம் அண்ணன் மூஞ்சி சுருங்கிப் போயிரும்.

ஒரு ஐப்பசி மழையில சாம்பிள் துணிய பாலிதீன் கவர்ல சுத்திச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டுப் போயிருக்காரு. செக்யூரிட்டி குடுத்த பேனா எழுதல. நனைஞ்ச நோட்டுல அவரு கிறுக்கிக்கிட்டு நிக்கறப்ப, நேத்து வேலைக்குச் சேந்த ஒரு பொடிப்பயல், வெளிநாட்டு ஆர்டர் புடிச்சுக் குடுக்கற பையிங் ஆபீஸ்ல இருந்து வர்றவன், பெரிய கார்ல சர்ருன்னு உள்ள போயிருக்கறான். குழியில இருந்த சேறு பூராவும் அண்ணன் வெள்ளைச் சட்டையில. நேரா என் குடோனுக்கு வந்தாரு. "பாய், சாகறதுக்குள்ள ஒரு நாளாவது அந்தக் கேட்டுக்குள்ள உக்காந்துட்டே போவணும். நோட்டுல பேரெழுதாமப் போவணும்"னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சுங்க. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா அந்த வியாதிக்கு அவரு கண்டுபுடிச்ச மருந்து இருக்குது பாருங்க, அதுக்குத்தான் இத்தனை கதையும்.

குண்டடத்துல அவரு பங்குக் காட்ட வித்த காசு கையில இருந்துச்சு. "தெச்ச துணி மழையில நனையாமப் போறதுக்கு, மூடி வெச்ச லோடு வண்டி ஒண்ணு வாங்குங்க"ன்னு அக்கா சொன்னாங்க. "லோடு வண்டிக்கு எவன் சல்யூட் அடிப்பான்?"னாரு அண்ணன். அக்கா என்னப் பாத்தாங்க. நான் செவுத்தப் பாத்தேன். பெரிய கார் புதுசா வாங்கறதுன்னா குண்டடம் மொத்தத்தையும் வித்தாலும் பத்தாது. அதனால பழசு தேட ஆரம்பிச்சாரு. தேடுனதுல ரெண்டு வண்டி தேறுச்சு. ரெண்டும் ஜெர்மன் வண்டி, ரெண்டுக்கும் ஒரே வயசு, வெலையும் ஏறக்கொறைய ஒண்ணுதான். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு.

வெள்ளை வண்டி சோமனூர்ல இருந்துச்சு. வேல்குமாருன்னு ஒருத்தரோடது. ஒரு காலத்துல திருப்பூர்ல நல்லபடியா எக்ஸ்போர்ட் பண்ணிட்டிருந்தவரு. சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் ஒருத்தன் கைய விரிச்சுட்டான், கம்பெனி போயிருச்சு. யாரையும் ஏமாத்தாம எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துட்டு, சொந்த ஊருக்கே போய் அவங்க அப்பா போட்ட தறியப் பாத்துக்கிட்டு இருக்கறாரு. என் அக்கா பையன் முபாஷிர் கார் மெக்கானிக். அவனையும் கூட்டிட்டு மூணு பேரும் போனோம்.

வேல்குமார் வண்டிக்குப் பனியன் துணியிலயே உறை தெச்சுப் போட்டு வெச்சிருந்தாரு. தூங்கற கொழந்தை மேல இருந்து போர்வைய எடுக்கற மாதிரி மெதுவா எடுத்தாரு. உள்ள பாத்தா கண்ணாடி மாதிரி இருக்குது. முபாஷிர் பானெட்டத் தொறந்தான், அடியில படுத்துப் பாத்தான், பல்லடம் ரோடு வரைக்கும் ஓட்டிட்டும் வந்தான். "மாமா, கண்ண மூடிட்டு வாங்கலாம்"னு என் காதுல சொன்னான். வேல்குமார் பின்கதவத் தொறந்து, தோள்ல கெடந்த துண்டுல சீட்டத் தொடச்சு விட்டு, "உக்காந்து பாருங்கண்ணா"ன்னாரு.

அண்ணன் கைய ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டாரு. "பரவால்லீங்க, நின்னே பாத்துக்கறனுங்க."

"ஒரு வா டீயாச்சும் குடிங்கண்ணா."

"இப்பத்தானுங்க குடிச்சோம்"னாரு. காத்தால இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. அதோட விட்டிருக்கலாம். போறப்ப ஒண்ணு கேட்டாரு பாருங்க: "ஏனுங்க, கம்பெனி நின்னப்ப நீங்க இந்த வண்டியிலதான் போயிட்டு இருந்தீங்களா?"

வேல்குமார் மொகம் ஒரு மாதிரி ஆச்சு. ஆனா கோவப்படல. "ஆமாங்ணா. கம்பெனிதானுங்க நின்னுச்சு. வண்டி ஒரு நாளும் நின்னதில்லீங்க"ன்னு சொல்லிட்டு, உறைய எடுத்து மறுபடியும் போத்த ஆரம்பிச்சுட்டாரு.

வர்ற வழியில ரோட்டோரக் கொழாயில எறங்கிக் காலக் கழுவுனாரு அண்ணன். எனக்குச் சுள்ளுன்னு ஏறிருச்சு. "ஏனுங்ணா, நீங்க கார் வாங்கப் போனீங்களா, ஜாதகம் பாக்கப் போனீங்களா?"ன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான் பாய், உங்களுக்குத் தெரியாது"ன்னாரு. தனக்குக் கேடு வந்துருமோன்னு பயந்தவரு, அந்த வேல்குமார் மனசுக்குத் தானே ஒரு கேடு பண்ணிட்டு வந்துட்டாரு. அதக் கழுவறதுக்குக் கொழாய் எங்க இருக்குது?

கறுப்பு வண்டி யாரோடதுன்னு நெனைக்கறீங்க? சாட்சாத் குமாரசாமி மொதலாளியோடது. அவரு புதுசு வாங்கிட்டதால பழசத் தள்ளிவிடப் பாக்கறாருன்னு காத்துவாக்குல சேதி வந்ததும் அண்ணனுக்குத் தூக்கம் போயிருச்சு. மறுநாளே போனோம். வாங்கப் போற காரப் பாக்கறதுக்கும் நோட்டுல பேரெழுதி, அட்டைய மாட்டிக்கிட்டு, நடந்துதான் போனோம்.

எங்க பக்கம் மரியாதைக்குக் கொறச்சலே இருக்காதுங்க. கழுத்த அறுக்கறதா இருந்தாலும் "கொஞ்சம் நிமிந்துக்கறீங்களா?"ன்னு கேட்டுட்டுத்தான் அறுப்பாங்க. குமாரசாமி மொதலாளி அதுல மன்னன். "வாங்க திருமூர்த்தி, வாங்க பாய். நீங்க கேட்டீங்கங்காட்டித்தான் எனக்கு மனசே வந்துச்சுங்க. வேற ஆளா இருந்தாக் குடுத்திருக்கவே மாட்டேன். இந்த வண்டி வந்த பொறவுதானுங்க ரெண்டாவது யூனிட்டு, மூணாவது யூனிட்டு, ஒடுமலைப் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடி, எல்லாமே. நம்ம வண்டி நம்ம ஆளுக கிட்டயே இருக்கட்டுமுங்க"ன்னாரு.

முபாஷிர் சாவியத் திருகுனான். கெழட்டு எருமை இருமுன மாதிரி ஒரு சத்தம். ஏசியப் போட்டான், காத்து வரல, நாத்தம் வந்துச்சு. அடியில படுத்தவன் மூஞ்சியெல்லாம் ஆயிலோட எந்திரிச்சு வந்தான். "மாமா, இது வண்டியில்ல, வைத்தியச் செலவு"ன்னான். அத அண்ணன் காதுல போட்டுக்கவே இல்லீங்க. அவரு ஸ்டியரிங்கத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு இருந்தாரு. முன்னால போய் நம்பர் பிளேட்ட வெரல் விட்டுக் கூட்டிப் பாத்துட்டு, "ஒம்பது வருது பாய்!"னு கத்துனாரு. அந்த நம்பரோடவே வண்டி தன் கைக்கு வரும்ங்கறதுலதான் அவருக்கு உசுரே இருந்துச்சு.

வெளிய வந்ததும் கேட்டேன், "இத்தனை ராசியான வண்டிய அவரு எதுக்குங்ணா விக்கறாரு?"

"பெரிய மனுசங்க பாய். நல்லதத் தன்கிட்டயே வெச்சுக்க மாட்டாங்க, நாலு பேருக்குக் குடுப்பாங்க."

மண்டையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. இதுவரைக்கும் அந்த மனுசன் தையல்கூலியில ஒரு பைசா ஏத்திக் குடுத்ததில்ல. ராசியத் தூக்கிக் குடுப்பாராமா.

வண்டி வந்து எறங்குன அன்னிக்குத் தெருவே கூடிருச்சு. மாலை, சந்தனம், கற்பூரம் எல்லாம் ஆச்சு. எலுமிச்சம்பழத்து மேல ஏத்துறப்பவே வண்டி ஒரு மொனகல் மொனகுச்சு. அக்கா ஒரு சுத்து சுத்தி வந்து பாத்துட்டு, டிக்கியத் தொறந்து, "இதுல எத்தனை பண்டல் ஏறும்?"னு கேட்டாங்க. "பண்டலா? ஏம்புள்ள, இது என்ன வண்டின்னு தெரியுமா?"ன்னு அண்ணன் குதிச்சாரு. "தெரியலீங்க, அதான் கேட்டேன்"னு சொல்லிட்டு அக்கா ஷெட்டுக்குப் போய்ட்டாங்க.

மக்யாநாளே கேட்டுக்குப் பொறப்பட்டாச்சு. முபாஷிர் ஓட்டணும், அண்ணன் பின்சீட்டுல உக்காந்து வருவாரு, நான் முன்னால உக்காரணும். சாட்சிக்கு. கேட்டுக்குப் பக்கத்துல போறப்பவே, உள்ள இருந்த திருநெல்வேலிக்கார செக்யூரிட்டி நம்பரப் பாத்துட்டு ஓடி வந்தாரு. கேட்டு விரிஞ்சுச்சு. பூட்ஸ் சத்தத்தோட ஒரு சல்யூட். திரும்பிப் பாத்தா, அண்ணன் கண்ண மூடிக்கிட்டு இருக்காரு, சாமி கும்பிடற மாதிரி. அந்த நேரத்துல எனக்கே சந்தோசமாப் போச்சுங்க. அப்படியே உள்ள போயிருக்கலாம். கெரகம், நல்லாத் தெரியட்டும்னு கண்ணாடிய எறக்கிட்டாரு.

செக்யூரிட்டி குனிஞ்சு பாத்தாரு. "ஏ, அண்ணாச்சி, நீங்களா? நம்பரப் பாத்துட்டு மொதலாளி வண்டின்னுல்லா நெனச்சேன்! எறங்குங்க அண்ணாச்சி, நோட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

"பெரிய கார்ல வந்தா நோட்டு கெடையாதில்ல?"னாரு அண்ணன்.

"அது யாருன்னு தெரியாதவங்களுக்கு அண்ணாச்சி. உங்களத்தான் எனக்கு நல்லாத் தெரியுமே!"

எறங்குனாரு. பேரெழுதுனாரு. அட்டைய மாட்டிக்கிட்டு நடந்தாரு. முபாஷிர் காரப் பின்னாலயே எடுத்து ரோட்டோரமா, மொபெட்டுகளுக்குப் பக்கத்துல நிறுத்துனான். சாயங்காலம் டீக்கடையில அண்ணன் சல்யூட் கதையச் சொன்னாரு பாருங்க, பூட்ஸ் சத்தத்தோட. நோட்டுக் கதைய விட்டுட்டாரு. என்னைய ஒரு பார்வை பாத்தாரு. நான் டீயக் குடிச்சேன்.

பொறவு வண்டி தன் வேலையக் காட்டுச்சு. ஒரு வாரம் கியர் விழாது, ஒரு வாரம் கதவு தொறக்காது. கதவு தொறக்காத வாரத்துல அண்ணன் ஜன்னல் வழியா வெள்ளைச் சட்டையோட வெளிய வந்தத இந்திக்காரப் பசங்க வீடியோ எடுத்து வெச்சிருக்கறாங்க. முபாஷிருக்கு எங்க தெருவுலயே பாதிப் பொழப்பு ஓடுச்சு. அப்படியே அவன்கிட்ட அண்ணனும் வண்டி ஓட்டப் பழகிக்கிட்டாரு. தெச்ச துணி பழையபடி மொபெட்டுல தார்ப்பாய் சுத்தித்தான் போச்சு, மழைக்கு நனைஞ்சுச்சு, அக்கா ராத்திரி சோத்தக்கூட உங்காம அயர்ன் போட்டாங்க. சோமனூர் வெள்ளை வண்டிய பல்லடத்து டாக்டர் ஒருத்தர் வாங்கிட்டாரு. தெனமும் காலையில எங்க தெருமுக்குல சத்தமே இல்லாமப் போகும். அது போறப்ப மட்டும் அண்ணன் குனிஞ்சு செருப்ப மாட்டுவாரு.

இப்படி இருக்கறப்பதான் ஒரு நாள் குமாரசாமி மொதலாளிகிட்ட இருந்து போன் வந்துச்சு. அண்ணன் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாரு, செவுரு தாண்டி எனக்குப் பூராவும் கேக்கும். "ஏனுங்க திருமூர்த்தி, நல்லா இருக்கறீங்களா? நம்ம கறுப்பு வண்டி சும்மாதானுங்க நிக்குது? நாளைக்கு பையர் ஒருத்தரு வர்றாருங்க. அந்த வண்டியில கூட்டிட்டு வந்த பையர் யாரும் ஆர்டர் குடுக்காமப் போனதே இல்லீங்க. எனக்கு அது ஒரு ராசிங்க. கோயமுத்தூர் ஏர்போர்ட் வரைக்கும் கொஞ்சம் எடுத்துட்டு வந்துர்றீங்களா? நானும் உங்ககூடயே வந்துர்றேன். வேற டிரைவர் வேண்டாமுங்க. அந்த வண்டி கொணம் உங்களுக்குத்தானுங்களே தெரியும்."

பாத்தீங்களா வேலைய? வண்டியத்தான் வித்திருக்கறாரு, ராசிய விக்கவே இல்ல. ரிப்பேர் இவருக்கு, ராசி அவருக்கு. நான் செவுத்துக்கு இந்தப் பக்கட்டு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் பக்கட்டு அண்ணன், "ஆகட்டுங்க, ஆகட்டுங்க, அதுக்கென்னுங்க"ன்னு போன்லயே கும்பிடு போட்டுக்கிட்டு இருந்தாரு.

காலையில வெள்ளைச் சட்டைய அக்காதான் அயர்ன் பண்ணிக் குடுத்தாங்க. "டிரைவருங்களும் வெள்ளைதானுங்களே போடுவாங்க"ன்னாங்க. அண்ணன் வண்டியத் தொடச்சாரு. அன்னிக்குன்னு பாத்து அந்தப் பாழாப்போன வண்டி ஒரே திருகுல ஸ்டார்ட் ஆச்சுங்க.

மத்தியானம் நான் வேஸ்ட் ஏத்திக்கிட்டுக் கம்பெனிய விட்டு வெளிய வர்றேன், செக்யூரிட்டி ஓடி வந்து என் குட்டியானைய ஓரங்கட்டச் சொன்னாரு. கறுப்பு வண்டி திரும்பி வருது. கேட்டு விரிஞ்சுச்சு. சல்யூட்டுன்னா அப்படி ஒரு சல்யூட்டு, மூணு செக்யூரிட்டியும் வரிசையா நின்னாங்க. பின்சீட்டுல குமாரசாமி மொதலாளி, பக்கத்துல செவத்த மூஞ்சி வெள்ளைக்காரரு. ஸ்டியரிங்ல திருமூர்த்தியண்ணன். உள்ள நிறுத்துனதும் குதிச்சு எறங்கி, சுத்தி ஓடி வந்து, குனிஞ்சு பின்கதவத் தொறந்து புடிச்சாரு. மொதலாளி எறங்கி, "வண்டிய நெழல்ல போட்டுருங்க திருமூர்த்தி, சாயங்காலம் மறுபடியும் போவணுமுங்க"ன்னு சொல்லிட்டு பையரக் கூட்டிட்டு உள்ள போய்ட்டாரு. "டிரைவர்மாருக்கெல்லாம் பின்னால வேப்பமரத்தடி அண்ணாச்சி"ன்னு செக்யூரிட்டி கையக் காட்டுனாரு.

எனக்கு வாய் நெறையக் கேலி இருந்துச்சுங்க. மாசக்கணக்கா சேத்து வெச்சிருந்தது. அண்ணன் வண்டியில ஏறி, என்னைத் தாண்டறப்ப நிறுத்தி, கண்ணாடிய எறக்குனாரு. சட்டை முதுகோட ஒட்டியிருந்துச்சு, ஏசி வேலை செய்யல போல. கேட்ட ஒருக்காத் திரும்பிப் பாத்துட்டு என்னைப் பாத்தாரு.

"பாத்தீங்களா பாய்? உக்காந்துட்டே வந்தேன். நோட்டே கேக்கல."

சேத்து வெச்சிருந்ததுல ஒண்ணுகூட வெளிய வரலீங்க. "ஆமாங்ணா, கேக்கல"ன்னேன். அவரு தலையாட்டிட்டு, கண்ணாடிய ஏத்திக்கிட்டு, வேப்பமரத்துப் பக்கம் வண்டியத் திருப்புனாரு.